இரவல்

ஒரு டிரஸ்டுக்காகக் கம்ப்யூட்டர் பார்க்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போக ஆரம்பித்த புதிதில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "கம்ப்யூட்டர் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?" என்பதுதான். எனக்கு அதிகம் கிடைத்த பதில், "எச்.எம். மீட்டிங்குக்கு மதுரைக்குப் போயிருக்காங்க. சாவியும் அவங்க கூடவே போயிரும்."

2012. டி.கல்லுப்பட்டியைத் தாண்டிப் பேரையூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. மூன்றாவது முறை போனபோதுதான் அறை திறந்தது. உள்ளே எட்டு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. தையல் டீச்சர் கைவேலை. உறையை எடுத்தால், மானிட்டரில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள்கூட உரியவில்லை. யாரோ நன்கொடையாகக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கரும்பலகையில் திறப்பு விழாத் தேதி கலர் சாக்பீஸில் அழியாமல் இருந்தது.

அந்தத் தலைமை ஆசிரியை மீது எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு கொஞ்சம் தணிந்தது. "தம்பி, இதெல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிருச்சு. எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ். ஒரு மவுஸ் காணோம்னாக்கூட ஆடிட்ல கேப்பாங்க. பாக்கி இல்லைன்னு நோ டியூ குடுக்க மாட்டாங்க. அப்புறம் பென்ஷனுக்கு நான் அலையணும். பிள்ளைக தொடாம இருந்தா உடையாது பாருங்க."

இதை அப்படியே ரிப்போர்ட்டாக எழுதி சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "நானும் பத்து வருஷம் பூட்டித்தான்யா வச்சிருந்தேன்."

சார் என்று நான் சொல்வது எங்கள் டிரஸ்டை ஆரம்பித்தவரை. அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியராகி, 58 வயதில் ஓய்வு பெற்றவர். கிராஜுவிட்டியில் ஒரு பகுதியைப் போட்டு, ஆரப்பாளையத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, சார்பதிவாளர் ஆபீசில் பத்திரம் பதிந்து ஆரம்பித்தார். ஆபீஸ்களில் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து பள்ளிகளுக்குக் கொடுப்பது, தமிழ்வழிப் பிள்ளைகள் பாடத்தை இரண்டு மொழியிலும் புரிந்துகொள்ள உதவுவது என்று பத்திரத்தில் இரண்டு நோக்கம். சிம்மக்கல் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளை மாற்றிக்கொண்டிருந்த என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். முதல் நோக்கம் என் வேலை, இரண்டாவது அவர் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரிப்போர்ட்டைப் படித்த வாரமே முறையை மாற்றினார். இனி எந்தப் பள்ளிக்கும் எதையும் கொடுப்பதில்லை, இரவலாக வைப்பது. ஒரு பக்கக் கடிதம். 'இந்தக் கம்ப்யூட்டர்கள் எங்கள் சொத்து. பிள்ளைகள் பயன்பாட்டுக்காகப் பள்ளியில் வைத்திருக்கிறோம். உடைந்தாலும் தொலைந்தாலும் பொறுப்பு எங்களுடையது.' தானம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும், இரவல் ஏறாது. கணக்கு எங்கள் நோட்டில் மட்டும். நன்கொடை கொடுப்பவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 'தானமாக வழங்கப்பட்டது' என்று கல்வெட்டு வைக்க முடியாதே. ஆனால் கடிதம் போன இடங்களில் கதவு திறந்தது. முதல் பருவத்திலேயே இரண்டு மவுஸும் ஒரு கீபோர்டும் உடைந்தன. நோட்டில் எழுதும்போது சாருக்கு ஒரே சந்தோஷம். "உடைஞ்சிருக்குன்னா தொட்டிருக்காய்ங்க!"

இயந்திர வேலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. அந்த வருடம் மதுரைப் பக்கம் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. மின்சாரம் இருக்கும் நேரத்திலும் வோல்டேஜ் இருக்காது. யு.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னால் போர் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். உப்புத் தண்ணீர் பட்டு ஒரே வருடத்தில் பேட்டரி போய்விடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி, நெட் கேபிளில் எலி. கம்பெனிகள் சட்டம் 2013 வந்து, பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று ஆன பிறகு, புது மெஷின் தர ஆள் கிடைத்தது. பேட்டரிக்குக் காசு தர மட்டும் கடைசிவரை யாரும் கிடைக்கவில்லை. பேட்டரியோடு நின்று யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்?

ஒரு கம்பெனி முப்பது டேப்லெட்டோடு வந்தது. பேனர், மாலை, போட்டோ எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகு திறந்து பார்த்தால், பாடம் முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் வேறு நாட்டு உச்சரிப்பில். ஒரு பையன் ரொம்ப நேரம் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணே, இது திட்டுதா, பாடம் சொல்லுதா?" என்றான்.

சாரின் பழைய மாணவர்கள் இரண்டு பேர் சிங்கப்பூரில் இருந்தார்கள். இருவரும் பணம் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒருவரிடம் இந்திய பாஸ்போர்ட். அவர் சம்பாதித்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வாங்கலாம். இன்னொருவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார். அவர் பணம், வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத எங்களைப் போன்ற டிரஸ்டுக்கு ஆகாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சார் அவருக்குப் போன் போட்டு, "காசு வேணாம்யா, ஊருக்கு வரும்போது பிள்ளைககிட்ட ரெண்டு மணி நேரம் பேசிட்டுப் போ" என்றார். வந்து பேசிவிட்டும் போனார்.

எல்லாவற்றையும்விட என்னை மாற்றியது நான் செய்த ஒரு தப்பு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. சிஸ்டம் ஒன்று மெதுவாக ஓடுகிறது என்றார்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் வேர்டு ஃபைல்கள். எதைத் திறந்தாலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாக, அர்த்தமே இல்லாமல். வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவு செய்து, ஃபார்மட் அடித்து, புதிதாகப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். நல்ல வேகமாக ஓடியது.

அடுத்த வாரம் போனபோது தமிழய்யா வந்து நின்றார். "தம்பி, இதுல என் கேள்வித்தாள் எல்லாம் இருந்துச்சே."

"எத்தனை ஐயா?"

"ஆறு வருஷம்."

அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தை உட்காரவைத்தவை. எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் நாற்காலி மட்டும் தெரியும். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு, எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கும். தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அப்போது இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எட்டு வருடம் கம்ப்யூட்டர் மெக்கானிக், தமிழைத் தமிழென்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஐயா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி, அடிச்ச தாள் பீரோவுல இருக்கு. கரையான் விட்டு வச்சிருந்தா பாப்போம்" என்று போய்விட்டார்.

கரையான் பெரும்பாலும் விட்டுவைத்திருந்தது. நானே திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன். சார்தான் தடுத்தார். "நீ அடிச்சா அது தண்டனை. பிள்ளைக அடிச்சா அது பாடம்." எட்டாம் வகுப்பில் பத்துப் பேர், சனிக்கிழமைகளில். தமிழில் அடிக்க உதவும் என்.எச்.எம். ரைட்டர் மென்பொருளைப் போட்டு, தமிழ் 99 விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. சுண்ணாம்பு டப்பாவில் ஒட்டும் லேபிள் தாளை வெட்டி, விசைகளின் மேல் தமிழ் எழுத்துகளை எழுதி ஒட்டினோம்.

மூன்றாம் வாரம் ஒரு பெண் கை தூக்கினாள். "அண்ணே, புள்ளி வைக்காமயே புள்ளி வருது." போய்ப் பார்த்தேன். 'அம்மா' அடித்திருக்கிறாள். ஏ, கே, கே, க்யூ, நாலே தட்டு. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவது தானாகப் புள்ளி வாங்கிக்கொள்கிறது. எனக்கும் அது புதிது. பிள்ளைகள் விடவில்லை, வேறு எதற்கெல்லாம் வருகிறது என்று தேட ஆரம்பித்தார்கள். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற. கரும்பலகையில் வரிசையாக எழுதினார்கள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தமிழய்யா உள்ளே வந்தார். கம்ப்யூட்டர் அறைக்குள் அவர் வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவரை ஸ்டாப் ரூமில் இருந்த அந்தப் பழைய சிஸ்டத்தோடு சரி. பலகையைப் பார்த்தார். "ஏண்டா, இது இன எழுத்துடா! வருஷா வருஷம் நான் நடத்துறதுதானே. ஒருத்தனாவது காதுல வாங்குனீங்களா?" கோபமாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்க, 'பந்து' அடி பாப்போம்" என்றார். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று மணி ஆகிவிட்டது.

சார் தன் பங்கு வேலையை ஒரு நாற்பது பக்க நோட்டில்தான் ஆரம்பித்தார். நடுவில் கோடு, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிர்ப்பக்கம் ஆங்கிலச் சொல். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவரிடம் தமிழ்வழியில் படித்து நல்ல மார்க் வாங்கிய ஒரு பையன், இன்ஜினியரிங் சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டான். சார் போய்க் கேட்டாராம். "எனக்குத் தெரிஞ்ச பாடத்தைத்தான் சார் நடத்தியிருக்காங்க. அது எனக்குத் தெரிஞ்சதுன்னு எனக்குத் தெரியலை" என்றானாம். முடுக்கம் அவனுக்குத் தெரியும். ஆக்சிலரேஷன் என்றால் வேறு ஏதோ என்று நினைத்துப் பயந்திருக்கிறான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழிலும் தொடங்கியது. சார் அதை வரவேற்றார்; ஆனாலும் வேலைக்குப் போகும் இடத்தில் இரண்டு சொல்லும் வேண்டும் என்பார்.

அந்த நோட்டை நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் அது அத்தனை எளிதில்லை என்று தெரிந்தது. பாடத்தில் ஏரி என்று இருக்கும். எங்கள் ஊரில் அது கண்மாய். மதகு என்று இருக்கும், இங்கே மடை. ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலிருந்தே தமிழுக்கு ஒரு படி ஏற வேண்டும். அடர்த்தி என்றால் பிள்ளைகள் முடியைத்தான் சொன்னார்கள். பிறகு ஒருத்தி, "பால் சொசைட்டியில கண்ணாடிக் குழாயைப் பால்ல மிதக்க விட்டுப் பாப்பாங்களே, தண்ணி ஊத்தியிருந்தா கீழ இறங்கிருமே, அதுவா சார்?" என்றாள். அதேதான். அவள் வீட்டில் இரண்டு மாடு. டென்சிட்டி என்ற சொல்லுக்கு நேரே அந்தக் குழாயின் படத்தைப் போட்டோம்.

கல்லுப்பட்டிப் பக்கம் போனால் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. இருமொழி என்று பத்திரத்தில் எழுதிவிட்டோமே, இவர்களுக்கு எது இரண்டாவது? ஆவியாதல், எவாபரேஷன் என்று நான் வாசித்தபோது கடைசி பெஞ்ச் பையன் மெதுவாக, "எங்க வீட்டுல ஆவிரின்னு சொல்லுவோம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "ஆவி, ஆவிரி. பக்கத்து வீடுதானடா" என்று சொல்லி, மூன்றாவதாக ஒரு கோடு போடச் சொன்னார்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2011-லிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் சில வீடுகளில் இருந்தது. பேட்டரி செத்துப்போய், ஒயரைச் செருகினால் மட்டும் உயிர் வரும். பள்ளியின் கம்ப்யூட்டர்கள் பூட்டிய அறைக்குள். எங்களுடையவை மட்டும் ஸ்டாக்கில் இல்லாதவை. யாரிடமும் அனுமதி வாங்காமல் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கட்டி ஊருக்குள் கொண்டுபோனோம். திண்ணை உள்ள வீடு, மின்சாரம் தரச் சம்மதிக்கும் வீடு என்று பார்த்துப் பதினொன்று வைத்தோம். நெட் வேண்டாம், சாரின் நோட்டிலிருந்து ஏற்றிய சொல்லேடும் பாடமும் உள்ளேயே இருந்தன. அடுத்த வருடம் அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, அதில் மூன்று திண்ணைகள் தன்னார்வலர் அக்காக்களின் வகுப்பாகவே மாறிவிட்டன.

இப்போது அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்துவிட்டது. எங்கள் பழைய பெட்டிகளுக்கு வேலை குறைவு. சாருக்கும் படியேற முடியவில்லை. நோட்டை நான் கீழே கொண்டுபோய்க் காட்டுகிறேன். போன மாதம் பேரையூர்ப் பக்கத் திண்ணையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் திரும்ப எடுக்கப் போனேன். பழைய சேலையில் தைத்த உறை போட்டு வைத்திருந்தார்கள். எனக்குத் திக்கென்றது. உறையை எடுத்துப் பார்த்தேன். கீபோர்டில் நாங்கள் ஒட்டிய லேபிள் ஒன்றுகூட இல்லை, அடியில் இருந்த ஆங்கில எழுத்தும் பாதி தேய்ந்திருந்தது. க, ம இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

இரவல் நோட்டில் எழுதிக்கொண்டேன்: கீபோர்டு ஒன்று, தேய்மானம். அன்று மாலை சாரிடம் காட்டினேன். அதற்கு நேரே கையெழுத்துப் போட்டார்.