ஒட்டுண்ணி போன பிறகும் ஆறாத வயிறு

2004 இலையுதிர் காலத்தில் நோர்வேயின் பேர்கன் நகரக் குடிநீரில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி கலந்தது. ஸ்வார்த்தெடிக்கெ ஏரியில் இருந்து தண்ணீர் வந்த பகுதியில்தான் எங்கள் வீடும். குளோரின் போட்ட தண்ணீர்தான், ஆனால் தடித்த ஓட்டுக்குள் இருக்கும் இந்த ஒட்டுண்ணி அந்த அளவு குளோரினுக்குச் சாகாது. பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் 1,200க்கு மேல்.

எனக்கு முதலில் வந்தது ஏவறை. அழுகிய முட்டை வாடை. பிறகு வயிற்றோட்டம், எண்ணெய் படிந்து மிதக்கும் மலம், சோறு கண்டாலே குமட்டல். மலத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். இந்த ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தோடு வெளியே வராது என்பதால் ஒரு முறை இல்லை என்று வந்தால் போதாது. மெட்ரோனிடசோல் குளிசை வாயெல்லாம் இரும்புச் சுவையாக்கியது, ஆனால் ஒட்டுண்ணியைத் தீர்க்கவில்லை. அப்புறம் அல்பெண்டசோலையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் மலம் சுத்தம் என்று முடிவு வந்தது.

வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. சாப்பிட்டதும் ஊதிப்போகும், பிடித்து இழுக்கும், ஓட வேண்டியிருக்கும். கோதுமை ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை சரி. மலத்தில் கல்புரொடெக்டின் பார்த்தார்கள், அதுவும் சரி. குடல் அழற்சியைக் காட்டும் அந்தப் புரதத்தை 1980இல் முதலில் விவரித்தவர்களில் ஒருவர் நோர்வேக்காரரான மாக்னே ஃபாகர்ஹோல். எல்லாம் சரியென்றதும் ஒரு வைத்தியர் மன அழுத்தம் என்று முடித்துவிட்டார். வலிக்கிறவருக்கு அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்பதை அவர் யோசித்திருக்கலாம்.

நிலைமையை மாற்றியது பேர்கன் ஆய்வாளர்கள் அனுப்பிய கேள்விக்கொத்து. நோய் வந்தவர்களையும் வராத நகரவாசிகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். 3 ஆண்டுகளுக்குப் பிறகு ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயின் (பரிசோதனைகள் சரியென்றாலும் வயிற்று வலியும் மலம் கழிப்பதில் கோளாறும் தொடர்வது) அறிகுறிகள் நோய் வந்தவர்களில் 46 வீதம், மற்றவர்களில் 14 வீதம். 10 ஆண்டு கழித்தும் 43க்கு 14. நான் தனியாள் இல்லை என்று அந்த எண்கள் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது.

கிருமி போன பிறகும் ஏன் வலி? குடல் சுவரில் நரம்புகளை ஒட்டி மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. அவை கிளம்பினால் ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்களைக் கொட்டி நரம்பை உசுப்பும். 2021இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு, தொற்றின்போது சாப்பிட்ட உணவையே குடல் எதிரியாகப் பதிந்துகொள்ளலாம் என்று எலிகளில் காட்டியது. அதோடு ஐ.பி.எஸ். உள்ள 12 பேரின் குடல் சுவரில் கோதுமை, சோயா, பால் போன்றவற்றின் புரதத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஏதாவது ஒன்றுக்கு வீக்கம் வந்தது. நலமான 8 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் என் வலி கற்பனை இல்லை என்று எனக்கு அது போதும்.

உணவு நிபுணர் ஃபொட்மாப் முறையைத் தொடங்கினார்: குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயு உண்டாக்கும் சில மாச்சத்துகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. நம் சமையலுக்கு அது கொடுமை: வெங்காயம், உள்ளி, பருப்பு எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்த வேண்டும். நான் கண்ட வழி, உள்ளியை எண்ணெயில் பொரித்து, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிப்பது. உள்ளியில் உபாதை செய்யும் ஃபிரக்டான் என்ற மாச்சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசனை முழுதும் கிடைக்கும். வெங்காயத்தாளில் பச்சைப் பகுதி மட்டும் போடலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா இருக்கலாம், பொதியைப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், எனக்கு வெங்காயமும் கோதுமையும்தான் ஆகாது. பருப்பு கொஞ்சம் தாங்கும்.

வைத்தியரிடம் போகும்போது முதல் தொற்று எப்போது வந்தது, என்ன குளிசை எடுத்தீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். பரிசோதனை இல்லாமல் பூச்சிக் குளிசையைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் இருந்தால் ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.