ஒரு டப்பா கிரீமைச் சோதனைக்குக் கொடுக்க நான்கு முறை அலைந்த கதை

என் தங்கை எட்டு மாதமாக முகத்தில் தடவி வந்த சிவப்பழகு கிரீமில் பாதரசம் இருக்கிறது என்று அரசுப் பகுப்பாய்வாளர் கையெழுத்திட்ட அறிக்கை சென்ற வாரம் கைக்கு வந்தது. இந்த ஒரு தாளுக்காகச் சென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து நகரின் மறுகோடிக்கு நான்கு முறை அலைந்தேன். அவற்றில் மூன்று வீண். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காவது அந்த மூன்று நாளும் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தங்கைக்குக் கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. பரிசோதனையில் புரதம் அளவுக்கு மீறி வெளியேறுவது தெரிந்ததும் சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "முகத்துக்கு என்னம்மா போடுற?" என்பதுதான். கேரளத்தின் மலப்புரத்தில் 2023இல் இதே வகைக் கிரீம்களால் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அவர் சொன்னார். கிரீமை அன்றே நிறுத்தினோம்.

மறுநாளே பாதி தீர்ந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அரசுப் பகுப்பாய்வாளரின் ஆய்வகத்துக்குப் புறப்பட்டது என் முதல் தவறு. திறந்த டப்பாவில் யார் வேண்டுமானாலும் எதையும் கலந்திருக்கலாம் என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கிருந்த எழுத்தர், "தனி ஆளெல்லாம் கொடுக்க முடியாதும்மா, மருந்து இன்ஸ்பெக்டர் எடுத்து அனுப்பினால்தான் சோதிப்போம்" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னதை நம்பித் திரும்பி வந்தேனே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அவர் சொன்னது தவறு. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940இன் 26ஆம் பிரிவின்படி, தான் விலைக்கு வாங்கிய பொருளை யார் வேண்டுமானாலும் உரிய படிவத்தோடும் கட்டணத்தோடும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். எங்கள் தெருவில் இருக்கும் வழக்கறிஞர் ஒருவர் அந்தப் பிரிவை அச்செடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை அந்தத் தாளை நீட்டியதும், 'முடியாது' என்பது 'பில் எங்கே' என்று மாறியது.

'விலைக்கு வாங்கிய' என்ற சொல்லில்தான் சிக்கல் இருந்தது. தங்கை அதை வாங்கிய பேன்சி கடையில் எதற்குமே ரசீது கிடையாது. நானே போய்ப் புது டப்பா கேட்டு, ரசீதுக்காகக் கால் மணி நேரம் நின்ற பிறகு, "பேன்சி ஐட்டம், 1, ரூ.350" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்கள். மூன்றாம் பயணம் அந்தச் சீட்டாலேயே பாழானது. பேன்சி ஐட்டம் என்றால் வளையலாகவும் இருக்கலாம், ரிப்பனாகவும் இருக்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே, இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ரசீதில் கிரீமின் பெயர், டப்பாவின் அடியில் இருக்கும் பேட்ச் எண், தேதி, கடை முத்திரை ஆகிய எல்லாம் இருக்கிறதா என்று கடை வாசலிலேயே நின்று படித்துப் பாருங்கள். பணத்தை ஜிபேயில் அனுப்பி, வந்த செய்தியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பேட்ச் எண்ணில் இரண்டு டப்பா வாங்குங்கள். நான்காம் முறை நான் இப்படித்தான் போனேன். பத்தே நிமிடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

ஏழு வாரம் கழித்து வந்த அறிக்கையில் பாதரசத்தின் அளவு ஆயிரக்கணக்கான பிபிஎம் என்று இருந்தது. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள் கண் பகுதிக்கான பொருட்களுக்கு 70 பிபிஎம் வரை இடம் தருகின்றன. மற்றவற்றில் தற்செயலாகக் கலந்திருந்தாலும் 1 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால்தான் இரண்டே வாரத்தில் முகம் வெளுக்கிறது. அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் தங்கையிடம் அவள் தோழிகள் மூவர் கிரீமின் பெயரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த மூன்று வீடுகளுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அட்டைப் பெட்டியை முதலிலேயே ஒழுங்காகப் படித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. வெளிநாட்டில் தயாரானது என்று பெருமையாகப் போட்டிருந்த அந்தப் பெட்டியில், இறக்குமதிப் பொருளுக்குக் கட்டாயமான பதிவுச் சான்றிதழ் எண்ணும் இல்லை, இங்கே அதற்குப் பொறுப்பேற்பவரின் பெயரும் முகவரியும் இல்லை. உட்பொருட்களின் பட்டியலும் இல்லை. பின்பக்கம், கடுகு அளவு எழுத்தில், 'தங்கம், வெள்ளி, அலுமினியப் பொருட்களின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் கலந்துவிடும் என்பதால் போட்ட எச்சரிக்கை அது. நகைக்கு எச்சரிக்கை எழுதியவர்கள் தோலுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த வரியை எந்தக் கிரீமில் பார்த்தாலும் வாங்காதீர்கள். பாதரசத்தைக் குறிக்கும் கலோமெல், மெர்க்குரிக், மெர்க்குரியோ என்ற சொற்களைப் பார்த்தாலும் அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

கடைக்காரர் என்னிடம், "அழகுசாதனப் பொருள் விற்க லைசென்ஸே வேண்டாம், எங்களை யாரும் கேட்க முடியாது" என்றார். சில்லறையில் விற்க உரிமம் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் சட்டத்துக்குப் புறம்பாக இறக்குமதியான பொருளை விற்பதும், இருப்பில் வைப்பதும், காட்சிக்கு வைப்பதும் அதே 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி குற்றம். மருந்து ஆய்வாளர் (இன்ஸ்பெக்டர்) கேட்டால், யாரிடமிருந்து சரக்கு வாங்கினோம் என்று கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எம்.சி. ரோடு பக்கம் பேன்சி கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், மொத்த வியாபாரியிடம் பில் வாங்காமல் ஒரு டப்பாவைக்கூட அலமாரியில் ஏற்றாதீர்கள்.

அறிக்கையின் நகலோடு ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதற்கான ஒப்புகையையும் வாங்கிவிட்டேன். அவர் கடைக்குப் போய் மாதிரி எடுத்து நான்கு பங்காக்கி முத்திரையிட்டதையும், இருபது நாள் வரை அந்தச் சரக்கை விற்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்ததையும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன்.

பழைய டப்பாவைக் குப்பையில் போடக்கூடாது. அதிலிருந்து ஆவி கிளம்பும். தடவியவரின் துண்டு, தலையணை உறை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் பாதரசம் போகும். அந்த டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டி ஆய்வாளரிடமே ஒப்படைத்தேன். தங்கைக்குப் புரதம் குறைந்து வருகிறது. மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதே பேட்ச் எண் கொண்ட, சீல் பிரிக்காத இரண்டாவது டப்பா, வழக்குக்குத் தேவைப்படலாம் என்று ரசீதோடு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.