பதுக்கியவர்களை விடாத ஆயர்

ஏழைகளுக்கு உதவிய புனிதர் என்று சொன்னாலே சாந்தமான முகமும் பாதி மூடிய கண்களும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பெரிய பசிலியார் அந்த ரகம் இல்லை. பிடிவாதக்காரர், சட்டென்று சூடாகப் பேசுகிறவர், தீராத ஈரல் கோளாறை வைத்துக்கொண்டே வேலை பார்த்தவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

ஊர், கப்பதோக்கியாவின் செசரியா. இன்றைய துருக்கியில் கைசேரி. கி.பி. 330 வாக்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார், ஏதென்ஸ் போய்ப் படித்தார், 370இல் ஆயரானார், அதாவது அந்த ஊர்த் திருச்சபையின் தலைவரானார். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஊருக்குப் புரிந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால், 369 வாக்கில், மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது. கடற்கரை ஊர் என்றால் கப்பலில் தானியம் வந்து இறங்கிவிடும். செசரியாவோ உள்நாட்டில் கிடக்கிற ஊர், தரைவழியாகத் தானியம் கொண்டுவருவது அந்தக் காலத்தில் கட்டுப்படியாகாத காரியம். ஊருக்குள் தானியம் இல்லாமலும் இல்லை, விலை இன்னும் ஏறட்டும் என்று பணக்காரர்களின் களஞ்சியத்தில் பூட்டிக் கிடந்தது.

பசிலியார் நேராக அவர்களிடம்தான் பேசினார். இயேசு நற்செய்தியில் சொல்லும் கதை ஒன்றில், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வன் ஒருவன் வருவான்; அவனைப் பற்றி ஒரு மறையுரை ஆற்றினார், அது இன்றும் கிடைக்கிறது. நீ வைத்திருக்கிற அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய துணி உடுத்த இல்லாதவனுடையது என்று அதில் சொல்கிறார். இதையாவது பலர் எங்காவது கேட்டிருப்பார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது அதே உரையில் வரும் ஒரு அப்பன். வீட்டில் எதுவும் இல்லை, பிள்ளைகளில் ஒன்றை விற்றால்தான் மற்றவர்களுக்குச் சோறு. மூத்தவனையா, கடைக்குட்டியையா, முகத்தில் என் சாடையே இருக்கிற இவனையா என்று ஒவ்வொருவராகப் பார்த்துத் தவித்து, கடைசியில் அழுதுகொண்டே ஒருவனைச் சந்தைக்குக் கூட்டிவருகிறான், தானியம் வைத்திருப்பவன் அவனிடம் விலை பேரம் பேசுகிறான்! அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த பணக்காரர்களின் முகம் எப்படி இருந்திருக்கும்?

களஞ்சியங்கள் திறந்தன. பெரிய கொப்பரைகளில் பருப்புக் கஞ்சி காய்ச்சி, வேலைக்காரர்களோடு தானும் நின்று ஊற்றினார். கிறிஸ்தவர், கிறிஸ்தவர் அல்லாதவர் என்று வரிசையைப் பிரித்ததாகத் தெரியவில்லை.

ஆயரான பிறகு ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் நோயாளிகளுக்குமாகக் கட்டடங்கள் எழுப்பினார். மருத்துவர், செவிலியர், பொதி சுமக்கும் விலங்குகள் எல்லாம் அங்கே உண்டு. யாரும் கிட்டே சேர்க்காத தொழுநோயாளிகளுக்கும் இடம். நல்ல காரியம்தானே, ஊர் பாராட்டியிருக்கும் என்று நினைப்போம். ஆளுநர் எலியாவிடம் புகார் போயிற்று! இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்டு பசிலியார் அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இத்தனைக்கும் சமயக் கொள்கையில் பசிலியாரோடு ஒத்துப்போகாத ரோமப் பேரரசர் வாலன்ஸ்கூட அந்த ஏழைகளுக்காக நிலம் கொடுத்தார் என்கிறார்கள்.

சரி, நெருங்கியவர்களிடம் எப்படி? அங்கேதான் சிக்கல். ஏதென்ஸ் காலத்து உயிர் நண்பர் நாசியான் கிரகோரியாரை 372இல் சசிமா என்ற ஊருக்கு ஆயராக்கினார். தன் பக்கம் ஆள் பலம் வேண்டும், அதற்காக. தண்ணீரும் பச்சையும் இல்லாத, தூசியும் வண்டிச் சத்தமுமான நாற்சந்தி அது என்று கிரகோரியார் பின்னாளில் கவிதையிலேயே கொட்டித் தீர்த்தார். நட்பில் விழுந்த அந்த விரிசல் முழுசாக ஆறவே இல்லை. என்னைக் கேட்டால் கிரகோரியார் பக்கம்தான் நியாயம்.

ஆனால் கஞ்சிக் கொப்பரை பற்றியும் ஊருக்கு வெளியே எழுந்த அந்தப் ‘புது நகரம்’ பற்றியும் நமக்கு இவ்வளவு தெரிவது, பசிலியார் 379 வாக்கில் இறந்த பிறகு இதே கிரகோரியார் ஆற்றிய நீண்ட புகழுரையால்தான். மனக்குறை உள்ள ஒருவர் சொன்னது என்பதால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறேன். கத்தோலிக்க நாட்காட்டியில் இரண்டு பேருக்கும் ஒரே திருநாள், ஜனவரி 2.