ஒரு கால்ல லேசர், இன்னொரு கால்ல ஆர்எஃப்

நரம்பு சுருட்டுக்காக வலது காலுக்கு லேசர் பண்ணி கொஞ்ச வருஷம் கழிச்சு இடது காலுக்கு ஆர்எஃப், அதாவது ரேடியோ அலைய வச்சு சூடு பண்ற கத்தீட்டர் (மெல்லிசு குழாய்), பண்ணிக்கிட்டேன். எது நல்லதுன்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன்.

நரம்பு சுருட்டுன்னு சொல்றோம், ஆனா பழுதாகுறது நரம்பு இல்ல, சிரை, அதாவது ரத்தத்த இதயத்துக்கு திருப்பி கொண்டுபோற குழாய். அதோட வால்வு கெட்டு ரத்தம் மேல ஏறாம திரும்ப கீழ இறங்குது. ரெண்டு முறையிலயும் முழங்கால் பக்கம் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட்ல பாத்துக்கிட்டே கத்தீட்டர தொடை இடுக்கு வரைக்கும் ஏத்தி, ஆழ்சிரையோட (காலுக்குள்ள ஆழத்துல ஓடுற பெரிய சிரை) சேர்ற இடத்துக்கு ஒரு 2 சென்டிமீட்டர் முன்னாடியே நிறுத்தி, அங்கேருந்து சூடு குடுத்துக்கிட்டே கீழ இழுக்குறாங்க, சிரை சுருங்கி மூடிக்குது, ரத்தம் நல்லா இருக்குற மத்த சிரைங்க வழியா போயிடுது.

வித்தியாசம் சூடு போற விதத்துலதான். ஆர்எஃப்ல 7 சென்டிமீட்டர் நீளத்துக்கு 120 டிகிரி, 20 செகண்ட், அப்புறம் அடுத்த 7 சென்டிமீட்டர், சூட்ட மெஷினே அளந்து கட்டுப்படுத்துது. லேசர்ல நுனிகிட்ட சூடு பல நூறு டிகிரி போகும், அதனால எவ்ளோ பவர், எவ்ளோ வேகமா இழுக்குறாங்கங்கிறது ரொம்ப முக்கியம். எனக்கு வச்சது 980 நானோமீட்டர் அலைநீள லேசர், மொட்டை நுனி ஃபைபர் (ஒளிய உள்ள கொண்டுபோற மெல்லிசு இழை), அது சிரையோட சுவத்துல பட்டு அங்கங்க ஓட்டை போட்டுடும், தொடை உள்பக்கம் பூரா கன்னிப்போயி பத்து நாளைக்கு கயிறு இழுக்குற மாதிரி வலி. ஆர்எஃப்ல ரெண்டாம் நாளே மாத்திரை இல்லாம நடந்தேன்.

இத வச்சு லேசர் மோசம்னு முடிவு பண்ணிடாதீங்க, அது நியாயமில்ல. இப்ப வர்ற 1470 நானோமீட்டர தண்ணி நல்லா உறிஞ்சும், சூடு ரத்தத்த விட சிரை சுவருக்குத்தான் அதிகம் போகுது, அதோட சுத்திவர ஒளி பரப்புற ரேடியல் ஃபைபரும் சேந்தா வலி நிறையவே குறையுது. மூடுற விஷயத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒரு வருஷம் கழிச்சும் நூத்துக்கு 90 பேருக்கு மேல மூடியே இருக்கு. அதனால லேசர்னா எந்த அலைநீளம், எந்த ஃபைபர்னு கேளுங்க.

எனக்கு நிஜமா கஷ்டமா இருந்தது சிரைய சுத்தி மரத்துப்போற மருந்து கலந்த சலைன வரிசையா ஊசில ஏத்துறதுதான். பொறுத்துக்கோங்க, அந்த தண்ணிதான் தோலையும் பக்கத்து நரம்பையும் சூட்டுலேருந்து காப்பாத்துது, ரெண்டு முறைக்கும் அது வேணும். அப்புறம் டாக்டர் வரச்சொன்ன நாள்ல ஸ்கேனுக்கு கண்டிப்பா போங்க, மூடின இடத்துலேருந்து ரத்தக்கட்டி ஆழ்சிரைக்குள்ள நீட்டியிருந்தா பெரும்பாலும் வெளிய ஒண்ணுமே தெரியாது, ஸ்கேன்லதான் தெரியும்.