எட்மன்டன் இருட்டு: ஒரு அரோரா நாட்குறிப்பு

செப்டம்பர் 7, 2024, சனி

இன்று பிள்ளையார் சதுர்த்தி. பூஜை முடிந்ததும் மிச்சக் கொழுக்கட்டையை டப்பாவில் அடைத்துக்கொண்டு எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். அரோரா என்கிற வட துருவ ஒளியைப் பார்க்க ராத்திரியில் எங்கே நிற்பது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கனடாவின் எட்மன்டனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து யெல்லோஹெட் நெடுஞ்சாலையில் நேர் கிழக்கே, முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. இந்தப் பூங்காவையும் பக்கத்து குக்கிங் லேக்–பிளாக்ஃபுட் பகுதியையும் சேர்த்து 2006-ல் பீவர் ஹில்ஸ் இருள் வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கிற ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இருட்டு கிடைப்பது பெரிய கொடுப்பினை.

அஸ்டோட்டின் ஏரிக்கரை வசதியாகத்தான் இருக்கிறது. கழிப்பறை உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு. ஆனால் மேற்கே தொடுவானத்தில் நகரமும் ஃபோர்ட் சஸ்காட்சுவன் ஆலைகளும் இருக்கின்றன, ராத்திரியில் அந்தப் பக்கம் மஞ்சளாகத்தான் தெரியும். வடக்கும் கிழக்கும் சுத்தம். போகிற வழியில் சாலையோரம் ஒரு பைசன், அதாவது காட்டெருமை, மேய்ந்துகொண்டிருந்தது. 100 மீட்டர் தள்ளியே இருக்கச் சொல்கிறார்கள். பகலிலேயே கிட்டே போன பிறகுதான் கண்ணுக்குப் பட்டது. ராத்திரியில் அந்தக் கறுப்பு மலை நடுரோட்டில் நின்றால்? உள்ளே வந்தபின் முப்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு.

செப்டம்பர் 16, திங்கள்

சனிக்கிழமை சூரியனில் எக்ஸ் 4.5 அளவில் ஒரு வெடிப்பு, எக்ஸ்தான் இருப்பதிலேயே பலமான வகை. அது வீசியெறிந்த மின்துகள் மேகம் இன்று சாயங்காலம் பூமிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது கிளப்பிய காந்தப் புயல், ஜி5-ல் முடிகிற அளவுகோலில் ஜி4 வரை போனது. அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் அரோரா எச்சரிக்கைச் சேவையான அரோராவாட்ச் சிவப்பு எச்சரிக்கை அனுப்ப, வேலை செய்யும் இடத்தில் ஆளாளுக்கு "எங்கே போகலாம்?" என்று கேட்டார்கள்.

நான் எங்கும் போகவில்லை. நாளைக்குப் பௌர்ணமி. நிலா இப்படி எரியும்போது காட்டுக்குப் போனாலும் வானம் வெளுத்துத்தான் இருக்கும். தவிர, இவ்வளவு பெரிய புயலுக்கு இருட்டே தேவையில்லை. எங்கள் அடுக்ககத்தின் பின்புறம் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி நின்றேன். பச்சை தெளிவாகத் தெரிந்தது, ஓரத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பு. பதினைந்து நிமிடம் ஆடிவிட்டு மங்கிப் போனது.

பக்கத்து வீட்டு அண்ணை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ராத்திரி டாக்ஸி ஓட்டுகிறார். மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உதுக்கோ தம்பி இவ்வளவு ஆரவாரம்? நான் ஏர்போர்ட் ரோட்டில எத்தினை தரம் கண்டனான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நிலா உதித்துக் கொஞ்ச நேரத்தில் அதன் ஓரத்தில் பூமியின் நிழல் லேசாகக் கடித்தது. அரோரா பார்க்கவில்லை. தூக்கம்.

செப்டம்பர் 28, சனி

அமாவாசைக்கு இன்னும் சில நாள்தான். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. போனில் அரோரா ஆப்பைப் பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை, யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை. எனக்கு இந்த மாதிரி இரவில்தான் எல்க் ஐலண்ட் போகப் பிடிக்கிறது. ஊரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புயல் வருகிற அன்றைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், அதுவோ வீட்டு மாடியிலிருந்தே தெரிந்துவிடும். இருட்டு வேண்டியிருப்பது பலவீனமான இரவுகளுக்குத்தான்.

ஒன்பதரைக்கு ஏரிக்கரை. வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, போனைப் பையில் போட்டாயிற்று. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நடுவில் யாராவது டார்ச் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. கனடாவில் 1990-லிருந்து தயாராகும் வண்டிகளுக்குப் பகல் விளக்கு கட்டாயம், எஞ்சினைப் போட்டாலே முன்விளக்கு எரியும். குளிர் தாங்காமல் ஒருவர் ஹீட்டருக்காக எஞ்சினைப் போட்டால் கரையில் நிற்கிற அத்தனை பேர் கண்ணும் போச்சு. பல வண்டிகளில் முதலில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்தால் அந்த விளக்கு எரியாது. இதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

பத்து மணிவாக்கில் வடக்கே தாழ்வாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு. விபூதியைக் குழைத்து ஒரே விரலால் இழுத்த பட்டை போல, இடமிருந்து வலம். மனைவி மேகம் என்றாள். மேகமென்றால் பின்னால் இருக்கிற நட்சத்திரத்தை மறைக்க வேண்டும், இதற்குள் நட்சத்திரங்கள் அப்படியே தெரிந்தன. போனை ஒரு கல்லில் சாய்த்து மூன்று விநாடி படம் எடுத்தோம். திரையில் பச்சைப் பசேல். "அப்ப போன் பொய் சொல்லுதா?" என்றாள். அது பொய் சொல்லவில்லை. குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்கிற செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. வெளிச்சம் ஒரு அளவைத் தாண்டினால்தான் பச்சை பச்சையாகத் தெரியும். இணையத்தில் படம் பார்த்துவிட்டு வருகிற பாதிப்பேர் ஏமாந்து திரும்புவது இதனால்தான். சிலர் அந்த வளைவு கண்ணுக்கு நேரே நிற்கும்போதே "ஒன்னும் வரலை" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

வளைவு ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தது. பக்கத்தில் முக்காலி போட்டிருந்த உள்ளூர்க்காரர் 'ஸ்டீவ்' பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக மேற்கு கிழக்காக ஓடும் மெல்லிய ஊதா நாடா அது. அல்பர்ட்டாவின் அரோரா ரசிகர்கள் குழு அதைப் படமெடுத்து, என்னவென்று தெரியாமல் விளையாட்டாக ஸ்டீவ் என்று பெயர் வைத்தது. கால்கரி பல்கலைக்கழகத்தின் எரிக் டோனவன் அந்தப் படங்களை, பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ஸ்வார்ம் செயற்கைக்கோள் அளவீடுகளோடு பொருத்திப் பார்த்தார். 2018-ல் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கு அது வரவில்லை.

பதினொன்றேகாலுக்கு வளைவின் கீழ் விளிம்பு கூர்மையானது. அதுதான் அடையாளம், அந்த நேரத்தில் தேநீர் ஊற்றக் குனியக் கூடாது. வலது மூலையில் ஒரு முடிச்சு விழுந்து, அங்கிருந்து தூண் தூணாக எழும்பி இடப்பக்கம் ஓடியது. இப்போது கண்ணுக்கே பச்சை, ஏரியிலும் பச்சை. ஐந்தாறு நிமிடம் இருக்கும். எதிர்க்கரையில் ஓநாயோ கொயோட்டியோ ஊளையிட்டது. பிறகு மறுபடி சாம்பல்.

அக்டோபர் 10, வியாழன்

செவ்வாய்க்கிழமை இரவு சூரியனில் இன்னொரு வெடிப்பு, அதன் மேகம் இன்று காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. ஒன்றரை நாளில் 15 கோடி கிலோமீட்டர்! பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் எல்1 புள்ளியில் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் காவல் நிற்கின்றன, நம் இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலம் ஆதித்யாவும் ஜனவரியிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அங்கே அளந்தது இங்கே வந்து சேர அரை மணி, ஒரு மணி ஆகும். நான் பார்ப்பது பி-இசட் எண்ணை. சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கே திரும்பினால் பூமியின் காந்தக் கதவு திறக்கும், எண் மைனஸில் போகும். மைனஸ் 10 நீடித்தாலே நல்ல இரவு. இன்று மைனஸ் 40-ஐத் தாண்டியது. புயலின் பலத்துக்கு எல்லோரும் சொல்கிற கே.பி எண் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போடும் கணக்கு, அதை நம்பிக் காத்திருந்தால் கூத்து முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் கொலு. சாயங்காலம் வெற்றிலை பாக்கு வாங்க நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன. கொண்டைக்கடலைச் சுண்டல் தட்டில் விழும்போது மணி ஏழரை, மேற்கே இன்னும் அந்தி வெளிச்சம் போகவில்லை. பால்கனிக்குப் போன பையன் "அப்பா, வானம் ரோஸ் கலர்ல இருக்கு" என்று கத்தினான்.

பட்டுப் புடவையோடு எல்லோரும் பார்க்கிங்குக்கு ஓடினோம். அரை நிலா தெற்கே தாழ்வாக இருந்தது, தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, எதுவும் அரோராவைத் தடுக்கவில்லை. உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து கதிர்கள் நாலு பக்கமும் இறங்கின. சிவப்பு, அதற்குக் கீழே பச்சை, அடி விளிம்பில் ஊதா. ஆக்சிஜன்தான் பச்சைக்கும் சிவப்புக்கும் காரணம். 100 கிலோமீட்டருக்கு மேலே பச்சை. சிவப்பை உமிழ அதே அணு கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் யாரும் இடிக்காமல் சும்மா இருக்க வேண்டும், அந்த அமைதி 200 கிலோமீட்டருக்கு மேலேதான் கிடைக்கும். ஊதா நைட்ரஜனுடையது.

அண்ணையும் அக்காவும் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். அண்ணை கையில் சுண்டல் கிண்ணத்தோடு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, தெற்காலயும் நிக்குது! உது வடக்கிலதானே வாறது?" என்றார். வழக்கமாக அப்படித்தான். புயல் பெரிதானால் துருவத்தைச் சுற்றி இருக்கிற அரோரா வளையம் விரிந்து நம் தலையைத் தாண்டித் தெற்கே இறங்கிவிடும், அன்றைக்கு எட்மன்டனில் நிற்கிறவன் தெற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் டப்ளினும் இதே அட்சரேகைதான், ஆனால் பூமியின் காந்த அச்சு வட அமெரிக்கப் பக்கம் சாய்ந்திருப்பதால் வளையம் நமக்குத்தான் பக்கம்.

எட்டரைக்கெல்லாம் உச்சக்கட்டம் முடிந்தது. நள்ளிரவில்தான் அரோரா வரும் என்று படித்துவிட்டு, சாப்பிட்டு மெதுவாகக் கிளம்பிய நண்பர் ஒருவர் இப்போது பூங்காவில் நின்றுகொண்டு போன் போடுகிறார்: "மங்கலா இருக்கே?"

அக்டோபர் 12, சனி

ஊரிலிருந்து தம்பி அழைத்தான். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததாகச் செய்தியில் பார்த்தானாம். உண்மைதான். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருக்கிறது, அதன் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. மே மாதத்துப் பெரிய புயலிலும் பதிவானது. அவ்வளவு தெற்கிலிருந்து பார்த்தால் அரோராவின் உயரமான சிவப்பு மட்டும்தான் தொடுவானத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும், பச்சை பூமியின் வளைவுக்குப் பின்னால் போய்விடும். "கொடைக்கானல்ல தெரியுமா?" என்றான். அரோரா தெரியாது, ஆனால் அதைக் கிளப்பிவிடுகிற சூரியப் புள்ளிகளை நூறு வருஷத்துக்கு மேலாக அங்கேதான் படமெடுத்து வருகிறார்கள் என்றேன். அவன் அடுத்த லீவுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான், பார்ப்போம்.

அக்டோபர் 15, செவ்வாய்

சூரியன் தன் பதினோரு வருஷச் சுழற்சியின் உச்சக்கட்டத்தில் இருப்பதாக நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவும் இன்று அறிவித்தன. உடனே "இந்தக் குளிர்காலத்தை விட்டால் போச்சு" என்று ஒரே பரபரப்பு. அப்படி ஒன்றுமில்லை. 2003 அக்டோபர் கடைசியில் வந்த பெரும் புயல்கள் அந்தச் சுழற்சியின் உச்சம் கழிந்து ஓரிரு வருஷம் ஆன பிறகு வந்தவை. இறங்குமுகத்தில் சூரியனின் வளிமண்டல ஓட்டைகளிலிருந்து வேகக் காற்று அடிக்கடி வரும், சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள் என்பதால் அதே ஓட்டை மறுபடி நம் பக்கம் திரும்பும். அந்தக் காற்றில் பெரும் புயல் வராது, சாம்பல் வளைவும் நடுவில் ஐந்து நிமிட ஆட்டமும் வரும். எனக்கு அது போதும்.

செப்டம்பர் 28-லிருந்து 27 நாள் எண்ணினால் அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. முன்னிரவில் நிலா இருக்காது. அண்ணையிடம் சொன்னேன். "அண்டைக்கு டாக்ஸியை விட்டிட்டு வாறன். ஆனா தம்பி, என்ர காருக்கு ஹேண்ட்பிரேக் விசயம் சரிவருமோ எண்டு முதல்ல பாக்கோணும்" என்றார். நாளை சாயங்காலம் பார்க்கிங்கில் வைத்துப் பார்க்கப்போகிறோம்.