ஏக்கருக்கு ஆயிரம் தேக்கு: எதை வெட்டுவது, எதை விடுவது

2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி என்று தேக்கு நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் கன்று பிடிக்கும். நட்டவர்களில் பலர் அந்த ஆயிரத்தையும் முழு மரமாகவே எண்ணி, ஒரு மரத்துக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் என்று பெருக்கிப் பார்த்துவிடுகிறார்கள். 1990களில் தேக்குப் பத்திரம் விற்ற கம்பெனிகள் பரப்பிவிட்ட கணக்கு இது. கம்பெனிகள் காணாமல் போய்விட்டன, கணக்கு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆயிரத்தில் கடைசிவரை நிற்க வேண்டியவை நூறு, நூற்றிருபது மரங்கள்தான். மற்றவை ஆரம்பத்தில் நெருக்கமாக நின்று, பக்கக் கிளை அதிகம் விடாமல் இவற்றை நேராக மேலே ஏற்றிவிட நட்டவை. அந்த வேலை முடிந்ததும் அவற்றை எடுக்க வேண்டும். எடுக்காத தோப்பில் இருபது வருஷம் கழித்தும் கம்புதான் கிடைக்கும்.

மரவாடியில் மரம் அளக்கும் கணக்கைப் பார்த்தால் இது விளங்கிவிடும். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 10 அடி நீளத் துண்டுக்கு நடுச் சுற்றளவு 18 அங்குலம் என்றால் 1.4 கன அடி வரும். 36 அங்குலம் என்றால் 5.6. 48 அங்குலம் என்றால் சரியாக 10. சுற்றளவு இரட்டித்தால் கட்டை நாலு மடங்கு. விலை அதைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் மெல்லிய மரத்தில் பெரும்பகுதி வெள்ளை, அதாவது வெளிப்புற இளங்கட்டை; உள்ளே இருக்கும் உறுதியான வைரம் கொஞ்சம்தான். (இந்தக் கால்சுற்று முறை உருண்டைக் கட்டையின் உண்மையான கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே காட்டும். அதற்கு மேலும் பட்டைக்கு, வெள்ளைக்கு என்று வியாபாரி கழித்தால், அந்தக் கழிவு எவ்வளவு என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.)

நெருக்கம் குறைய இப்படி மரங்களை எடுப்பதுதான் கலைத்துவிடுவது. முதல் முறை, தண்ணீர் நிற்காத நல்ல மண்ணில் நாலாவது, ஐந்தாவது வருஷம். வறண்ட நிலத்தில் ஆறு, ஏழு ஆகலாம். வருஷத்தைவிட மரமே சரியாகச் சொல்லும். பக்கத்து மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று முட்டி, நிழல்பட்ட கீழ்க்கிளைகள் காயத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. தேக்குக்குத் தலைக்கு மேல் முழு வெயில் வேண்டும், பக்கத்து மரம் இடிப்பதை அது பொறுக்காது. இந்த முறை தேர்வெல்லாம் பெரிதாக வேண்டாம்: சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களைப் போல ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 500 மரம் நிற்கும், இடைவெளி ஒன்பதேகால் அடி ஆகும். எடுக்க வேண்டிய இடத்தில் நல்ல மரமும், விட வேண்டிய இடத்தில் கவை விழுந்து இரண்டாகப் பிரிந்த மரமும் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கன்று செத்து ஏற்கெனவே வெற்றிடம் இருந்தால் அதன் அருகில் உள்ளதைத் தொடாதீர்கள். எட்டிலிருந்து பத்தாவது வருஷத்துக்குள் இரண்டாம் முறை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை முழுசாக எடுத்தால் 13 அடிக்கு 13 அடியில் 250 மரம் மிஞ்சும்.

அதற்குப் பிறகுதான் கண் வேண்டும். 12, 15 வயதில் எதை வெட்டுவது என்று தேடிக்கொண்டு தோப்புக்குள் போகாதீர்கள். எதை விடுவது என்று முதலில் தீர்மானியுங்கள். அடியிலிருந்து 15, 20 அடிவரை வளைவும் கவையும் இல்லாமல், அடிமரம் பள்ளம் பள்ளமாக இல்லாமல் உருண்டையாக, மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பச்சைத் தலை உள்ள மரத்துக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு வளையம். பிறகு அந்த மரத்தின் தலையை நெருக்குகிற ஒன்றிரண்டு பக்கத்து மரங்களுக்கு மட்டும் சிவப்புக் கோடு. அடியில் ஒதுங்கி, யாருடைய தலையையும் தொடாமல் நிற்கும் நோஞ்சானை வெட்டினால் நிற்கும் மரத்துக்கு லாபம் ஒன்றுமில்லை. கூலிதான் மிச்சம்.

அடையாளம் போடுவதை ஐப்பசி, கார்த்திகையில், இலை நிறைந்திருக்கும்போது செய்வது நல்லது; எந்தத் தலை எதை இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வெட்டுவது தை, மாசியில், இலை கொட்டிய பிறகு. விழுகிற மரம் அப்போது பக்கத்து மரத்தில் அவ்வளவாகச் சிக்காது.

பெரும்பாலான தோப்புகள் கெடுவது வியாபாரி சொல்லும் ஒரு வார்த்தையில்தான்: "பெருசா இருக்கறத இப்ப குடுத்துருங்கண்ணே, சின்னது வளரட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நாளில் நட்டவை. சின்னது தோற்றுப்போனதால் சின்னது. வயது குறைந்ததால் அல்ல. பெரியதை எடுத்தால் சின்னது வளைவும் கவையுமாக அப்படியேதான் நிற்கும், வேகம் பிடிக்காது. இதையே மூன்று முறை செய்தால் நல்ல மரம் முழுவதும் போய்த் தோப்பில் கழிவு மட்டும் மிஞ்சும்.

பன்னிரண்டு வருஷம் தொடாமல் விட்ட தோப்பு வேறு சிக்கல். உச்சியில் மட்டும் குடுமி மாதிரி இலை, கீழே நாற்பதடி ஒல்லிக் கம்பு. அதில் ஒரேயடியாகப் பாதியை எடுத்தால், இதுவரை ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றவை ஆடிக்காற்றில் வில்லாக வளையும். திடீரென்று வெயில் பட்ட அடிமரத்தில் பக்கத்துளிர் வெடிக்கும்; விட்டுவைத்த ஒவ்வொரு துளிரும் பின்னால் பலகையில் ஒரு கணு. இத்தகைய தோப்பில் முதலில் நாலில் ஒரு பங்கு, இரண்டு வருஷம் பொறுத்து இன்னொரு பங்கு என்று போக வேண்டும். துளிர்களைப் பிஞ்சிலேயே கையால் ஒடித்துவிடலாம். தடித்துவிட்டால் கிளை தொடங்கும் வீக்கத்தைச் சேதப்படுத்தாமல் வாளால் அறுக்கவும். அரிவாளால் ஓங்கி வெட்டினால் பட்டை கிழிந்து, அழுகல் உள்ளே இறங்கும்.

வெட்டிய தேக்கின் கட்டை மழை கண்டதும் கொத்தாகத் துளிர்க்கும். தரையை ஒட்டி அறுத்து, துளிர்களை ஒடித்துக்கொண்டே இருங்கள். பெரிய வெற்றிடத்தில் மட்டும் ஒரு துளிரை விட்டால் அது தனிக்கம்பாக எழும்பும். வாய்க்கால் கரையில், வரப்பில் ஒற்றை வரிசையாக நடுபவர்களுக்குக் கலைத்துவிடும் தொல்லை குறைவு. பக்கவாட்டு வெளிச்சம் உண்டு என்பதால் அங்கே கவாத்துதான் முக்கிய வேலை.

மரம் வெட்டினால் காற்றில் கார்பன் கூடாதா என்று கேட்பார்கள். ஓர் ஏக்கர் மண்ணும் மழையும் வெயிலும் வருஷத்துக்கு உண்டாக்கும் கட்டையின் மொத்த அளவு, நிற்பது 500 மரமானாலும் 250 ஆனாலும் பெரிதாக மாறுவதில்லை. அது எத்தனை மரத்தில் போய்ச் சேர்கிறது என்பது நம் கையில். கம்பாகவே நின்றுவிட்டால் பெரும்பகுதி விறகாகி, அந்த வருஷமே புகையாகிவிடும். பருத்த மரம் கதவாகவும் நிலையாகவும் மாறும். 10 கன அடித் தேக்கு முழுக்க உலர்ந்தால் சுமார் 160 கிலோ. அதில் பாதி கார்பன், 80 கிலோ. கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 290 கிலோ. அது ஒரு வீட்டு நிலையில் ஐம்பது, அறுபது வருஷம் அடைந்து கிடக்கும். இந்த எண்களைக் காட்டி ஓர் ஏக்கருக்குக் கார்பன் பணம் வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நெருங்கிய தேக்குக்கு அடியில் புல் பூண்டு முளைக்காது. அகன்ற இலையில் திரண்டு விழும் மழைத்துளி வெறும் மண்ணை அடித்துக் கரைக்கும், சரிவு நிலத்தில் இன்னும் மோசம். கலைத்துவிட்டால் வெளிச்சம் இறங்கி அடியில் பச்சை வரும், சில வருஷம் மஞ்சள் கூட வைக்கலாம். உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் இருந்தால் இதெல்லாம் வீண்.

முதல் கம்புகளுக்கு ஊரிலேயே தேவை இருக்கும்: மாட்டுக்கொட்டகை, பந்தல், கூரைச் சட்டம். தேக்கு என்ற பெயரை நம்பி மண்ணில் நேராகப் புதைக்காதீர்கள். ஐந்து வயதுக் கம்பு பெரும்பாலும் வெள்ளை, கரையான் விடாது. இரண்டாம் முறை வருவது சிறு சட்டத்துக்கு, நாற்காலிக் காலுக்கு ஆகும். ஊர்த் தச்சருக்கும் அறுவை மில்லுக்கும் வேலை, நட்டவருக்கு முதல் வரவு. முப்பது வருஷம் காத்திருக்கும் தெம்பு இங்கிருந்துதான் வரும்.

தமிழ்நாட்டில் பட்டா நிலத்து மரமானாலும் லாரியில் ஏற்றும் முன் வனத்துறையின் கடத்து அனுமதிச் சீட்டு வேண்டும். மரத்துக்கு அடையாளம் போடும்போதே பட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று ஆகியவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், வெட்டிய பிறகு அல்ல. மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊர்களில் 1955ஆம் வருஷச் சட்டப்படி வெட்டுவதற்கே அனுமதி தேவை.