எங்கள் தெருவுக்கு ஒரு நடைபாதை

2022 கோடையில் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். விடியற்காலையில் நடந்தே பழகியவர். அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் எங்கள் வாசலை விட்டு இறங்கினால் தார்ச்சாலை, அதை ஒட்டி அடுத்த வீட்டுப் புல்வெளி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. 1950களில் எழும்பிய குடியிருப்பு இது. ஒரு நாள் வளைவில் திரும்பிய வேன் ஒன்று அப்பாவை உரசுகிற மாதிரி போயிருக்கிறது. புல்லில் ஏறித் தப்பித்தவர் வீட்டுக்கு வந்து, "ஏம்மா, இந்த ஊர்ல நடக்கிறவங்கன்னு யாருமே கிடையாதா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் முதல் வீட்டன் பூங்காவரை காரில் கொண்டுபோய் விடச் சொன்னார். நடப்பதற்காகக் காரில் போகிற அந்த நிலை எனக்குப் பொறுக்கவில்லை.

யாரிடம் கேட்பது என்பதிலேயே முதல் குழப்பம். சில்வர் ஸ்பிரிங்குக்கு மேயரும் இல்லை, நகராட்சியும் இல்லை. பக்கத்தில் உள்ள ராக்வில், கெய்தர்ஸ்பர்க், டக்கோமா பார்க் எல்லாம் தனி நகரங்கள். நாங்களோ நேரே மாண்ட்கோமரி கவுண்டியின் கீழ் வருகிறோம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டி. நம்மூர் மாவட்டம் மாதிரி என்று சொன்னால் பாதிதான் சரி. இங்கே தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அனுப்பி வைக்கப்பட்ட கலெக்டர் அல்ல, நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். தெருவிலும் ஒரு பாகுபாடு உண்டு. ஜார்ஜியா அவென்யூ போன்ற பெரிய சாலைகள் மாநில அரசுடையவை, உள்தெருக்கள் கவுண்டியுடையவை. இது தெரியாமல் கேட்டால் மனு தவறான இடத்துக்குப் போகும்.

அக்டோபரில் 311-ஐ, அதாவது கவுண்டியின் சேவை எண்ணை, அழைத்தேன். முதல் தடவை நான் பதிந்தது தவறான வகையில்: 'நடைபாதை பழுது' என்று. இல்லாத பாதைக்கு ஏது பழுது? 'புதிய நடைபாதை வேண்டும்' என்று திரும்பப் பதிந்தேன். கவுண்டியில் இதற்கென்றே ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை போடும் திட்டம் இருக்கிறது. மனு போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 'எங்களுக்கு வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தெரு எதை எதோடு இணைக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் தெருவின் ஒரு முனையில் பஸ் நிறுத்தம், மறுமுனையில் தொடக்கப் பள்ளிக்குப் போகும் வழி. ஒரு வாரம் காலையில் வாசலில் நின்று, சாலையில் இறங்கி நடந்துபோகும் பிள்ளைகளை எண்ணினேன். அந்தக் கணக்கையும் நான்கு புகைப்படங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்தது பட்ஜெட். இதில்தான் நான் ஏமாறப் பார்த்தேன். மார்ச் 15-க்குள் பட்ஜெட் வரும் என்று கேள்விப்பட்டு அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அது சம்பளம், பஸ், நூலகம் போன்ற நடப்புச் செலவுக்கான பட்ஜெட். நடைபாதை, பாலம், பள்ளிக் கட்டடமெல்லாம் ஆறு ஆண்டு மூலதனத் திட்டத்தில் வருகின்றன. அதன் முழு வரைவு இரட்டைப்படை வருடங்களில் ஜனவரி 15-க்குள் வெளியாகும், ஒற்றைப்படை வருடங்களில் திருத்தங்கள்தான். ஜூன் 1-க்குள் கவுன்சில், அதாவது நாம் தேர்ந்தெடுத்த கவுண்டி சபை, ஒப்புதல் தர வேண்டும், ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்கும். இந்த நாட்காட்டி கையில் இல்லையென்றால் மழை விட்ட பிறகு குடை விரிப்பது போலாகிவிடும்.

அதனால் 2023 முழுவதும் அக்கம்பக்கத்தாரோடு பேசுவதில் கழிந்தது. உண்மையான வேலை இதுதான்.

எல்லோரும் சரி என்பார்கள் என்று நம்பிக்கொண்டு போனேன். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவர், "என் புல்வெளியை ஏன் எடுக்கிறீர்கள்?" என்றார். அவர் புல்வெளி என்று நினைத்த அந்தப் பட்டையில் பெரும்பகுதி சாலைக்கென ஒதுக்கிய பொது நிலம், நம் பாஷையில் சாலைப் புறம்போக்கு. ஆனால் இருபது வருடம் புல் வெட்டி, பூச்செடி வைத்தவரிடம் வரைபடத்தை நீட்டி வாதாட மனம் வரவில்லை. அவர் கவலையெல்லாம் வாசலில் நிற்கும் மேப்பிள் மரம்தான். மரத்தைச் சுற்றி வளைத்துப் பாதை போட முடியுமா என்று கேட்டு எழுதலாம் என்றேன். அவரும் கையெழுத்திட்டார்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது, தனியாக இருக்கிறார். அவர் சொன்ன மறுப்பு எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே பனி பெய்து நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டின் முன்னுள்ள நடைபாதையை அந்தந்த வீட்டார்தான் சுத்தம் செய்ய வேண்டும், அது கவுண்டியின் சட்டம். "பாதை உனக்கு, பனி எனக்கா?" என்றார். நியாயமான கேள்வி. "உங்கள் வாசல் பனியை நான் தள்ளுகிறேன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அவரே எங்கள் கதவைத் தட்டினார்.

2024 பிப்ரவரியில், ராக்வில்லில் உள்ள கவுண்டி கவுன்சில் கட்டடத்தில் மூலதனத் திட்டம் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். முன்பதிவு செய்துகொண்டால் யார் வேண்டுமானாலும் சில நிமிடம் பேசலாம். எங்கள் தெருவுக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை, அங்கே முடிவாவது கவுண்டி முழுவதற்குமான ஒதுக்கீடு. அந்தத் தொகையைக் குறைக்காதீர்கள் என்று கேட்டு, அப்பா புல்லில் ஏறி நின்றதைச் சொன்னேன். குரல் நடுங்கியது. கவுன்சிலில் 11 பேர். ஒவ்வொரு வாக்காளருக்கும் அதில் ஐந்து பேர் பொறுப்பு: பகுதி உறுப்பினர் ஒருவர், கவுண்டி முழுவதற்கும் பொதுவான நால்வர். ஐவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதினேன். போனில் சொன்னதும் அப்பா, "நம்ம கிராம சபை மாதிரிதானா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான், அப்பா.

அதன் பிறகு வரைபடம் வந்தது, கருத்துக் கேட்டார்கள், அளவெடுத்தார்கள். செப்டம்பரில் ஒரு காலை புல்வெளியெங்கும் வண்ணக் கோடுகள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. நடக்கிற நிலத்துக்குக் கீழே இவ்வளவு ஓடுகிறதா என்று என் மகள் ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். கான்கிரீட் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. மேப்பிள் மரத்தருகே பாதை அழகாக வளைந்து போகிறது.

2025 ஜனவரி 6 அன்று பனி கொட்டியது. நின்றதும் மண்வாரியோடு இறங்கினேன். எங்கள் வாசலை முடித்துவிட்டுப் பாட்டி வாசலைத் தொடங்கியபோது ஜன்னல் திரை விலகியது. சற்று நேரத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் உப்பு வாளியோடு அவரே இறங்கி வந்தார். நான் தள்ளத் தள்ள, பின்னாலேயே உப்பைத் தூவிக்கொண்டு வந்தார். "உன் அப்பா எப்போது வருகிறார்?" என்று கேட்டார். மே மாதம் என்றேன்.